பதினான்காம் குழியின் நிறம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அண்ணனும் சுகம். அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. உங்கள் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளைக்குப் போடுகிறீர்களா, இல்லை மேசை இழுப்பறையில் சேர்த்துவைக்கிறீர்களா? ஃபோனில் கேட்டால் "நல்லாயிருக்கேன் அண்ணி" என்று நாலு வார்த்தைக்குள் முடித்துவிடுவீர்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நம் வாலுக்கு மனை கிடைத்துவிட்டது! இருபத்தொன்பது வயதாகியும் நீங்கள் வைத்த அந்தப் பட்டப்பெயர் அவளை விடவில்லை, பாருங்கள். ஆறு வருடமாக அவளும் மாப்பிள்ளையும் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். குளிக்கப் போனால் மூன்று குடும்பம் வாளியோடு வரிசையில் நிற்கும். இப்போது நகரசபை, பாலத்துக்குப் பின்னால் இருக்கிற தாழ்நிலத்தை நாற்பது மனையாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஜூலை கடைசிக்குள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், செப்டம்பரில் அஸ்திவாரம். "அங்க தண்ணி நிக்குமேம்மா" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னதை வாலு போய்க் கேட்டதற்கு, நகரசபை எழுத்தர் சுவரில் மாட்டியிருக்கிற மண் வரைபடத்தைக் காட்டினாராம். "இது உங்க சித்தப்பா போட்ட படம்தானே? நல்லா வடியிற நிலம்னு அவரே எழுதியிருக்கார்." வாலுக்குப் பெருமை தாங்கவில்லை. "சித்தப்பா இருபத்தாறு வருஷம் முன்னாடியே எனக்கு இடம் பார்த்து வெச்சுட்டார்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். எல்லைக்கல் நட ஆள் குழி வெட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். மேலே கருப்பு மண். கொஞ்சம் கீழே போனதும் நீலம் கலந்த சாம்பல், அதன் நடுவே ஆரஞ்சு கீற்றுகள். இருபத்தெட்டு வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன், இப்படி ஒரு சாம்பலைத் துணியில்கூடப் பார்த்ததில்லை. வாசனை வேறு, அவித்த முட்டையை மறந்து வைத்த மாதிரி. அது என்ன மண்? ஏன் அந்த நிறம்? தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்கு ஊசியில் நூல் ஏறாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அண்ணனின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். என் மாத்திரை வேளைக்கு உள்ளே போகிறது, இழுப்பறையில் இருப்பது போன வருடத்துப் பட்டை.

வாலுக்கு மனை கிடைத்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. இங்கேயும் ஒரு செய்தி. எங்கள் மண் ஆய்வுத் துறை நாடு முழுவதற்கும் மண் வரைபடத் தொகுப்பு ஒன்று கொண்டுவருகிறது. முதல் பக்கத்தில் வரப்போவது நம் ஊர்ப் படம், நான் போட்டது! "ஒரு குழிகூடத் தப்பில்லாத படம்" என்று இயக்குநர் கூட்டத்தில் சொன்னார். ஓய்வு பெறும் காலம் நெருங்குகிற நேரத்தில் வேறென்ன வேண்டும்?

மண்ணுக்கு வருகிறேன். ஆறு பொங்கும்போது மணலையும் மண்ணையும் கலந்து அள்ளிக்கொண்டு வெளியே வரும். கரையைத் தாண்டியதும் வேகம் குறையும். கனமான மணல் கரையோரமே இறங்கிவிடும். மாவு போன்ற களிமண் மட்டும் தூரம் போய், தேங்கி நிற்கிற தண்ணீரில் மெல்லப் படியும். அதனால்தான் ஆற்றை ஒட்டிய மேட்டில் தண்ணீர் வடிகிறது, அதற்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் வடிவதில்லை. ஆற்றை விட்டுத் தள்ளி இருந்தால் பத்திரம் என்று ஜனங்கள் நினைப்பார்கள், பல இடங்களில் நேர்மாறு. நீங்கள் பார்த்த சாம்பல், நாள்கணக்கில் தண்ணீரில் ஊறிக் கிடக்கிற மண்ணின் நிறம்.

ஆனால் உங்கள் ஆள் ஏதாவது பழைய வாய்க்காலில் வெட்டியிருப்பார். படம் போடுவதற்காக நான் வெட்டிய குழிகளில் பதினான்காவது அந்த நிலத்தின் நடுவேதான் இருக்கிறது. நாலடி ஆழம் வரை பழுப்பு என்று எழுதியிருக்கிறேன். பழுப்பு என்றால் காற்று போகிறது, தண்ணீர் வடிகிறது என்று பொருள்.

ஆசை இருந்தால் நீங்களே முறையாக ஒரு குழி வெட்டிப் பாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். சுவரைக் கத்தியால் செதுக்கி, ஒரு கட்டியை உடைத்து, உடைத்த கையோடு உள் நிறத்தைப் பார்க்க வேண்டும். எங்களிடம் அதற்கு நிறப்புத்தகம் உண்டு. உங்களிடம் என்ன உண்டோ அதை வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்


மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒத்தடம் பலன் கொடுத்தது. கொடுத்த பலனை உங்கள் அண்ணன் மண்வெட்டி பிடித்தே தீர்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். "தைக்கிற வேலைய விட்டுட்டு குழி வெட்டுற வேலைய எப்ப எடுத்த?" என்று வழியெல்லாம் முணுமுணுப்பு. பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் வண்டிக்கடியில் படுத்திருந்த மனிதர், மண்ணைக் கண்டால் மட்டும் சட்டை அழுக்காகிவிடும் என்கிறார். எழுத்தரிடம் கேட்டு, வரைபடத்தில் பதினான்கு என்று போட்டிருக்கிற இடத்திலேயே வெட்டினோம். அது வாலின் மனையிலிருந்து இருபது காலடி தூரம். வாய்க்கால் எதுவும் இல்லை, தம்பி. சமதரை.

என்னிடம் என்ன உண்டு என்று கேட்டீர்களே, நூல் உண்டு. கடையில் இருநூற்றுப் பத்து நிறம். பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு கட்டியையும் உடைத்த உடனே பக்கத்தில் நூலை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியதை அட்டையில் சுற்றி இதோடு அனுப்பியிருக்கிறேன். ஆழத்தை இஞ்ச் டேப்பால் அளந்து ஓரத்தில் எழுதியிருக்கிறேன். எட்டு அங்குலம் வரை முதல் நூல், கரும்பழுப்பு. எட்டிலிருந்து பதினைந்து வரை இரண்டு நூல்கள், சாம்பலில் ஆரஞ்சு புள்ளி. பதினைந்துக்குக் கீழே அந்த நீலச் சாம்பல்தான், அடிவரை. மூன்றடியில் தண்ணீர் தானாகவே ஊறி வந்தது. "ஊத்து வந்துடுச்சு, போதும் ஏறு" என்று உங்கள் அண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டார்.

ஈர மண்ணைக் கட்டைவிரலால் தள்ளினால் நாடா மாதிரி நீளுகிறது. இரண்டரை அங்குலம் அறுபடாமல் வந்தது. என் கடையில் சில நாடாக்கள்கூட அவ்வளவு தாங்காது.

இரண்டு கேள்வி. ஆரஞ்சுக் கோடு ஏன் வேர் போன வழியிலேயே போகிறது? வேர் செத்துப்போன துளையைச் சுற்றிக்கூட மோதிரம் போட்ட மாதிரி இருக்கிறது. இன்னொன்று, இப்படிப்பட்ட மண்ணால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

வாலு வீட்டுப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். இரண்டு குளியலறையாம். ஒன்று போதாதா என்றேன். "வரிசையில நின்னது நீயா நானா?" என்கிறாள்.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

அனைவரின் நலமறிந்து மகிழ்ச்சி. இங்கே வெயில் ஏறிவிட்டது, மற்றபடி குறையில்லை.

உங்கள் நூல் அட்டையை அலுவலகத்தில் எல்லாரும் கைமாற்றிப் பார்த்தார்கள். எங்கள் நிறப்புத்தகத்தோடு ஒப்பிட்டேன், அத்தனையும் அச்சாகப் பொருந்துகிறது. பயிற்சிக்கு வரும் பட்டதாரிகளுக்கு மூன்று மாதம் ஆகிற வேலை இது. நீங்கள் துறை மாறி வந்துவிடுங்கள்.

ஆரஞ்சு என்பது துரு, அண்ணி. இரும்பு ஆணியில் பிடிக்கிற அதே துரு எல்லா மண்ணிலும் கொஞ்சம் உண்டு, மண்ணுக்குப் பழுப்பு நிறம் கொடுப்பதே அதுதான். மண்ணுக்குள் இருக்கிற நுண்ணுயிர்களுக்கும் மூச்சு வேண்டும். தண்ணீர் நின்று காற்று தீர்ந்துபோனால், அவை துருவில் கட்டுண்டிருக்கிற பிராணவாயுவைப் பறித்துக்கொள்ளும். அப்போது துரு பழுப்பை இழந்து, தண்ணீரில் கரைகிற நீலச் சாம்பலாக மாறிவிடும். சதுப்பில் வளர்கிற புல்லின் வேர்களுக்கு உள்ளே குழாய் போல வழி உண்டு, இலையிலிருந்து காற்றைக் கீழே கொண்டுபோகும். அந்தக் காற்று பட்ட இடத்தில் மட்டும் மறுபடி துருப் பிடிக்கும். நீங்கள் பார்த்த மோதிரம் அதுதான். முட்டை வாசனை கந்தகத்தால் வருவது, அதுவும் காற்றில்லாத இடத்தின் வேலை.

பிரயோஜனம் கேட்டீர்கள். புல்லுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கோடையில் மேட்டுநிலமெல்லாம் காய்ந்து கிடக்கும்போது அங்கே பச்சை இருக்கும். ஆனால் ஈரத்தில் மாட்டை விடக் கூடாது, குளம்பு மிதித்து மண் இறுகிப்போகும், பிறகு தண்ணீர் இன்னும் மோசமாக நிற்கும். அறுத்துக் காயவைத்துக் கொடுப்பது உத்தமம். தண்ணீரில் நிற்கக்கூடிய பயிர் போடலாம். பாய்க்குக் கோரை வளர்க்கலாம். செங்கலுக்கு அந்தக் களிமண் ஏற்றது. வாத்துக்குச் சொர்க்கம். எல்லாவற்றையும்விட, அது வெள்ளத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டு ஊருக்குள் விடாமல் நிறுத்துகிறது. கரை கட்டிய பிறகு ஆறு உள்ளே வருவதில்லை, அதனால் ஜனங்கள் மறந்துவிட்டார்கள். மழைத்தண்ணீரும் அடியிலிருந்து ஏறும் ஊற்றும் எங்கே போகும்?

ஆனாலும் ஒரு குழியை வைத்து ஒரு நிலத்தைச் சொல்லிவிட முடியாது. ஏதாவது இரண்டு மூலையிலும் பார்த்தால் நல்லது. இருபத்தாறு வருடத்தில் நிலத்தடி நீர் ஏறியிருக்கவும் கூடும்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்


ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உங்கள் சுகத்தை எழுதுங்கள். உங்கள் அண்ணன் இப்போது என்னைக் கண்டாலே மண்வெட்டியை ஒளித்துவைக்கிறார்.

இரண்டு மூலையிலும் வெட்டியாயிற்று. அதே கதை. ஒன்றில் பன்னிரண்டு அங்குலத்திலேயே சாம்பல் வந்துவிட்டது. நூல் அட்டை இத்துடன் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஒரு அதிசயம் நடந்திருக்கிறது! கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்று அந்த நீலச் சாம்பல் கட்டி ஒன்றை டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சமையலறை ஜன்னலில் உடைத்துவைத்தேன். சாயங்காலம் பார்த்தபோது ஓரம் மங்கலாகத் தெரிந்தது. விடிந்து பார்த்தால் கட்டி முழுக்கப் பழுப்பு! நான் ஏதோ கட்டியை மாற்றி வைத்துவிட்டேன் என்று உங்கள் அண்ணனோடு சண்டையே போட்டேன். பிறகு இன்னும் இரண்டு கட்டி கொண்டுவந்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நூலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரத்தில் ஐந்து நூல் மாறியது. கடைசி நூல் பழுப்பு, நல்ல நிலத்து மண் மாதிரியே. அட்டையின் பின்பக்கத்தில் ஐந்தையும் வரிசையாகச் சுற்றியிருக்கிறேன்.

ஏன் இப்படி என்று நானே யோசித்தேன். நீங்கள் சொன்ன துருக்கதைதானே? காற்றுப் பட்டதும் துரு திரும்பி வந்துவிட்டது. சரியா?

நேற்று நகரசபைக்குப் போயிருந்தேன். அந்த வரைபடத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிறச்சதுரம் இருக்கிறது. பதினான்காம் எண்ணுக்கு நேரே இருக்கிற சதுரத்தின் மேல் என் ஐந்தாவது நூலை வைத்துப் பார்த்தேன். நூல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது, அவ்வளவு பொருத்தம்.

உங்கள் அண்ணனிடம் சொன்னேன். "அவன் அப்பல்லாம் மண்ணை நம்ம வீட்டுக்குத்தானே கொண்டாருவான், உன் டிபன் பாக்ஸ்ல" என்றார். எனக்கு அது மறந்தே போயிருந்தது.

வேறென்ன. வாலுக்கு ஜன்னல் ஆற்றுப் பக்கமா, சாலைப் பக்கமா என்று குழப்பம். உங்களைக் கேட்டு எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அண்ணி


மே 26

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இரண்டு முறை ஃபோன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் "சார் சுற்றுப்பயணம்" என்றார்கள். சுற்றுப்பயணத்திலும் தபால்பெட்டி உண்டு.

இங்கே எல்லாரும் நலம். வாலு ஆற்றுப் பக்கம் ஜன்னல் வைப்பதாக முடிவு செய்துவிட்டாள். சம்மதக் கையெழுத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. முப்பத்தொரு பேர் போட்டுவிட்டார்கள்.

ஒரு வரியாவது எழுதுங்கள். மண்ணைப் பற்றி வேண்டாம், மாத்திரையைப் பற்றி எழுதினாலும் போதும்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 13

அன்புள்ள அண்ணிக்கு,

மன்னிக்கவும். வேலை அதிகம். உடம்பு பரவாயில்லை, மாத்திரை ஒன்று கூட்டியிருக்கிறார்கள்.

கட்டி நிறம் மாறியதற்கு நீங்கள் சொன்ன காரணம் சரிதான்.

வாலு வீட்டுக்கு அடித்தளத்தை மூன்றடி உயர்த்தி, வெளியிலிருந்து செம்மண் கொண்டுவந்து நிரப்பினால் சிரமம் இருக்காது. நிறையப் பேர் அப்படித்தான் கட்டுகிறார்கள். ஜன்னல் எந்தப் பக்கம் வைத்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

இங்கே மழை வரும்போல் இருக்கிறது. அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இவ்வளவு சின்னக் கடிதத்தை நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. மாத்திரை கூட்டினார்கள் என்றால் உப்பைக் குறையுங்கள். உங்கள் அண்ணன் சாப்பிடும்போது இரண்டு தடவை உங்களைப் பற்றிப் பேசினார். அவருக்கு அது பெரிய விஷயம்.

நீங்கள் சொன்னதைக் கொத்தனாரிடம் சொன்னேன். அவர் குச்சியால் தரையைக் கிளறிப் பார்த்தார். "வீட்டை தூக்கிடலாம்மா. இந்த களி கோடையில வெடிக்கும், மழையில உப்பும். ஒரு மூலை ஏறும், ஒரு மூலை இறங்கும். அதுகூட பரவாயில்ல, கழிவுத் தண்ணிய எங்க விடுவீங்க?" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. நாற்பது வீட்டுக் கழிவுத் தொட்டித் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கித்தானே ஆக வேண்டும்?

சும்மா இருக்க முடியவில்லை. ஊற்று வராத ஆழத்தில், ஒன்றரை அடிக்கு ஒரு குழி வெட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மேலே பலகை போட்டு மூடினேன். குச்சியில் அங்குலம் குறித்து தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். முதல் நாள் கால் அங்குலம் இறங்கியது. ஒன்பதாம் நாள் தவளை குடிவந்துவிட்டது. தண்ணீர் இன்னும் இருக்கிறது. நாற்பது மனையில் முதல் கிரகப்பிரவேசம் அந்தத் தவளைக்குத்தான்.

வாலிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளை பெரிய குளியலறைக்கு ஒரு கண்ணாடி வாங்கிவைத்திருக்கிறார், மாட்டச் சுவர் இல்லாமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

நகரசபைக்கு நானே போய்ச் சொல்லலாம் என்று ஒருநாள் படி வரை ஏறினேன். தையல்காரி நூல்கண்டைக் காட்டி அரசாங்கப் படம் தப்பு என்று சொன்னால் சிரிப்பார்கள் என்று தோன்றியது. அது உண்மைதான், ஆனால் அதற்காக மட்டும் நான் திரும்பவில்லை.

உங்களிடம் நான் எதையும் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை. மண்ணைப் பற்றித்தான் கேட்டேன். நீங்களும் சொல்லிக்கொடுத்தீர்கள். நிறைய தெரிந்துகொண்டேன்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் அலைந்தேன். உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. மனது சரியில்லை.

பதினான்காம் குழியின் நிறத்தை நான் நிலத்தில் பார்க்கவில்லை. உங்கள் சமையலறை மேசையில் பார்த்தேன்.

அன்று குழி வெட்டி முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. நிறப்புத்தகம் நனைந்தால் கெட்டுவிடும் என்று பையிலேயே வைத்துவிட்டேன். நாலு கட்டியை உங்கள் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வந்தேன். அன்றைக்கே பார்த்திருக்கலாம். களைப்பாக இருந்தது. அடுத்த நாள் மத்தியானம் திறந்தேன், பழுப்பாக இருந்தது, பழுப்பு என்று எழுதினேன். வெட்டிய கையோடு பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம், எனக்கு அது தெரியும். குழிக்குள் சாம்பலாக எதையோ பார்த்த ஞாபகமும் இருந்தது. மறுபடி போய்ப் பார்க்க முழங்கால் சேற்றில் ஒரு மைல் நடக்க வேண்டும். சோம்பேறித்தனம்தான், வேறு காரணமே இல்லை. மழைவெளிச்சத்தில் கண் ஏமாந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாள் ஆக ஆக நம்பியும் விட்டேன். அங்கே யாரும் எதுவும் கட்டவில்லை, மாடு மேய்ந்தது, அதனால் என் தப்பு யாரையும் தொடவில்லை.

ஐந்தாவது நூலைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த மேசைவிரிப்பில் இருந்த பூ வரைக்கும். அதற்குப் பிறகும் ஆறு வாரம் பேசாமல் இருந்தேன், செம்மண் கொட்டி நிரப்புங்கள் என்று எழுதினேன். அதை எழுதியதற்குத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன். இருபத்தேழு வயதில் செய்தது தப்பு. ஐம்பத்து மூன்று வயதில் செய்தது அதைவிடப் பெரிய தப்பு.

நேற்று நகரசபைக்கும் என் இயக்குநருக்கும் எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. அந்த நிலம் வீட்டுக்கு லாயக்கில்லை, படம் தவறு, தவறு என்னுடையது என்று, நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறேன். உங்கள் மூன்று குழிகளின் விவரத்தையும் தண்ணீர் ஊற்றிப் பார்த்த கணக்கையும், நீங்கள் பார்த்தவை என்று சொல்லியே சேர்த்திருக்கிறேன். தொகுப்பின் முதல் பக்கத்திலிருந்து நம் படத்தை எடுத்துவிடுவார்கள். எடுக்கட்டும்.

வாலுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, ஒட்டி வைத்திருக்கிறேன். அவள் வீட்டை நான்தான் இல்லாமல் செய்கிறேன். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. அதை அவள் கையில் கொடுங்கள். என் சார்பில் எதுவும் பேச வேண்டாம்.

உங்களுக்கு எப்போது தெரிந்தது, அண்ணி?

இப்படிக்கு,
உங்கள் கொழுந்தன்


ஆகஸ்ட் 21

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம் என்று எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது, ஏனென்றால் சுகமாக இல்லை.

எப்போது தெரிந்தது என்று கேட்டீர்கள். நகரசபையில் நூலை வைத்துப் பார்த்த அன்றைக்கே தெரியும். வெளியே சொல்லியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். ஆனால் அது உங்கள் வாயால் வர வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஜூலை முப்பது வரை பார்ப்பது, அதற்கு மேல் நானே படியேறுவது என்று வைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று கடையை மூடிவிட்டு அழுதேன். ஆறுதலில் அழுதேன், வருத்தப்படாதீர்கள்.

வாலிடம் நீங்கள் எழுதியதைக் கொடுத்தேன். உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாங்கினாள். அதற்குள் நகரசபையிலிருந்து மாப்பிள்ளைக்கு ஃபோன் வந்துவிட்டது. அப்புறம் உறையைப் பிரிக்கவில்லை. என்னோடும் பேசவில்லை. "உனக்கு ஏப்ரல்லயே தெரியுமா? என்னைப் படம் வரைய விட்டு வேடிக்கை பார்த்தியா?" என்று ஒருநாள் மட்டும் கேட்டாள். என் பிடிவாதத்துக்கு விலை கொடுத்தது அவள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. பதினாறு நாள் இந்தப் பக்கமே வரவில்லை.

சென்ற செவ்வாய் நகரசபை மண்டபத்தில் கூட்டம். நாற்பது குடும்பமும் வந்திருந்தது. நகரசபையே வெளியூரிலிருந்து ஆள் வரவழைத்து ஐந்து குழி வெட்டிப் பார்த்திருக்கிறது. ஐந்திலும் சாம்பல். மனை ரத்து. சாலையை ஒட்டிய மேட்டில் இடம் பார்க்கிறார்களாம், எல்லாருக்கும் கிடைக்குமா, எப்போது என்று தெரியாது. அந்தத் தாழ்நிலம் இனிப் புல்லுக்குத்தானாம். பால் பண்ணைக்காரர்கள் அறுத்துக்கொள்வார்கள்.

ஜனங்கள் கொதித்துப்போயிருந்தார்கள், நியாயம்தான். தலைவர் உங்கள் கடிதத்தை ஒலிபெருக்கியில் முழுசாக வாசித்தார். டிபன் பாக்ஸ், சோம்பேறித்தனம், எதையும் விடவில்லை. வாலு எனக்கு நாலு வரிசை முன்னால், மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் பின்னந்தலை மட்டும் எனக்குத் தெரிந்தது. வாசித்து முடித்ததும் யாரோ ஒருவர் கத்தினார். "அஸ்திவாரம் போடுற நேரத்துல வந்து தப்புன்னு எழுதுறானே, யாருய்யா அந்த ஆளு?"

பதில் சொல்ல வேண்டியது நான்தான் என்று புடவையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியைப் பிடித்தேன். நான் எழுந்திருப்பதற்குள் வாலு எழுந்துவிட்டாள். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"எங்க சித்தப்பா" என்றாள்.

அன்புடன்,
அண்ணி